தொழில்நுட்பக் கேள்வி – பதில்: காய்ச்சும் பாத்திரத்தில் மலிவு விலை வெப்ப சென்சார்

கேள்வி: ஐயா, முளைகட்டிய பார்லியையும் கேழ்வரகையும் உலர்த்தி உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பான மால்ட் சாறு எடுத்துக் காய்ச்சி, நொதிக்கவிடாமல் பானமாக்குவதற்காக வீட்டிலேயே ஒரு மின் அமைப்பைச் செய்திருக்கிறேன். 40 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம், அடியில் 2,000 வாட் ஹீட்டர் காயில், அதற்கு மேலே தானியம் தங்குவதற்கான துளைத்தட்டு, அடியிலிருந்து சாற்றை இழுத்து மேலே ஊற்றும் சிறு பம்ப் ஆகியவை அதில் உள்ளன. ரிச்சி தெருவில் டி.எஸ்.18பி20 என்னும் தண்ணீர் புகாத சென்சார் மலிவாகக் கிடைத்தது. அதை அப்படியே சாற்றுக்குள் தொங்கவிடலாமா, பாத்திரத்தில் துளையிட்டுத்தான் பொருத்த வேண்டுமா? மலிவான சென்சாரை நம்பாமல் பி.டி.100 வாங்கும்படி நண்பர் சொல்கிறார். தங்கள் கருத்து என்ன?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: முதலில் நண்பரின் யோசனையைப் பார்த்துவிடுவோம். பிளாட்டினக் கம்பியின் மின்தடையை வைத்துச் சூட்டை அளக்கும் பி.டி.100 நல்ல சென்சார்தான். 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம் என்று அதன் மின்தடை ஒழுங்காக ஏறும். ஆனால் ஒரு டிகிரிக்கு 0.4 ஓமுக்கும் குறைவாகவே அது மாறுவதால், இணைப்புக் கம்பியில் ஒரு ஓம் கூடுதலாக இருந்தாலே அளவு இரண்டரை டிகிரி தவறிவிடும். அதைத் தவிர்க்க மூன்று கம்பி இணைப்பும், தனியாக ஒரு பெருக்கிச் சுற்றும் தேவைப்படும். டி.எஸ்.18பி20 தன் அளவை எண்ணாகவே அனுப்புவதால் கம்பியின் மின்தடை அதைப் பாதிப்பதில்லை. மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரிக்குள் சரியாக இருக்கும் என்பது அதன் தயாரிப்பாளர் தரும் உறுதி. உங்கள் வேலை நடப்பது 60க்கும் 75க்கும் இடையில். எனவே கையிலிருக்கும் சென்சாரே போதும். மிச்சப்படும் பணத்தை அதைப் பொருத்தும் வேலைக்குச் செலவிடுங்கள். என் அனுபவத்தில் இத்தகைய அமைப்புகளில் தவறு நேர்வது பெரும்பாலும் சென்சாரின் தரத்தால் அன்று, அதை வைத்த இடத்தால்தான்.

இடம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் இரண்டு நொதிகளும் வெவ்வேறு சூட்டை விரும்புகின்றன. பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 டிகிரி வரை சுறுசுறுப்பாக வேலை செய்து, 70ஐத் தாண்டும்போது வேகமாகச் சிதைகிறது. ஆல்ஃபா அமைலேஸ் 70 டிகிரியை ஒட்டிய சூட்டிலும் தாக்குப்பிடிக்கிறது. ஆகவே 64 டிகிரியில் ஊறிய சாறு நல்ல இனிப்பாகவும், 70 டிகிரியில் ஊறியது இனிப்புக் குறைந்து கெட்டியாகவும் அமையும். நான்கைந்து டிகிரி வித்தியாசத்தில் பானமே மாறிவிடுகிறது என்னும்போது, சென்சார் எந்தச் சாற்றின் சூட்டைச் சொல்கிறது என்பதுதான் கேள்வி.

உங்கள் அமைப்பில் காயில் அடியிலும் தானியம் மேலேயும் இருக்கின்றன. சென்சாரை மேலிருந்து தானியத்துக்குள் தொங்கவிட்டால், அடியில் சாறு 75 டிகிரிக்குப் போன பிறகும் மேலே 63 என்று காட்டிக்கொண்டிருக்கும்; கட்டுப்பாட்டுக் கருவி அதை நம்பி ஹீட்டரை மேலும் எரியவிடும். பம்ப் இழுப்பதோ அந்தச் சூடான சாற்றைத்தான். எனவே ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் முதன்மைச் சென்சாரைப் பம்பின் வெளியேறு குழாயில், பம்பிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், ஒரு டீ ஜாயின்ட் போட்டுப் பொருத்துங்கள். நொதிகள் சந்திக்கப்போகும் மிக அதிகமான சூடு எதுவோ அதை அங்கேதான் அளக்க முடியும். தானியப் படுகையில் இரண்டாவது சென்சார் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது தகவலுக்கு மட்டுமே, ஹீட்டரை இயக்க அன்று. ஒவ்வொரு டி.எஸ்.18பி20க்கும் 64 பிட் நீளமுள்ள தனி முகவரி இருப்பதால், இரண்டையும் ஒரே மூன்று கம்பித் தடத்தில் இணைத்துவிடலாம்.

இனி, அப்படியே தொங்கவிடலாமா என்ற கேள்வி. கூடாது என்பதே என் பதில். தண்ணீர் புகாதது என்று விற்கப்படும் அந்த 6 மி.மீ. குழாயைக் கையில் எடுத்து, கேபிள் உள்ளே நுழையும் வாயைக் கவனியுங்கள். எவர்சில்வர் குழாய் அந்த இடத்தில் லேசாக நசுக்கப்பட்டிருக்கும். அதன்மேல் கறுப்பு நிறத்தில் சுருங்கு குழாய் ஒன்று போர்த்தியிருக்கும். உள்ளே சிறிது பசை. குளிர்ந்த நீரில் அது மாதக்கணக்கில் தாங்கும். கொதிநீரிலும் ஆவியிலும் மீண்டும் மீண்டும் சூடாகிக் குளிரும்போது, கேபிளின் பி.வி.சி. உறை இளகிச் சுருங்கி, அந்த வாயில் மயிரிழை இடைவெளி உண்டாகி, ஈரம் கேபிள் வழியே உள்ளே இறங்கிவிடும். அதன்பின் சென்சார் உடனே சாகாமல், சில வாரங்கள் முன்னுக்குப் பின் முரணாகப் பேசிவிட்டுத்தான் சாகும், எரிச்சலூட்டுவது அதுதான். தவிர, உள்ளே இருக்கும் பசை உணவுக்கு உகந்தது என்று எந்தக் கடைக்காரரும் எழுதிக் கொடுக்கப்போவதில்லை.

ஆகையால் முனை மூடிய எவர்சில்வர் உறைக்குழாய் ஒன்றைச் செய்யச் சொல்லி, சென்சாரை அதற்குள் வெளிப்பக்கத்திலிருந்து செருகுங்கள். அம்பத்தூரிலேயே இருக்கிறீர்கள், தொழிற்பேட்டையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. 304 தரக் குழாய், 8 மி.மீ. வெளிவிட்டம், 6 மி.மீ. சென்சார் தளர்வின்றி நுழையும் அளவுக்கு உள்விட்டம், ஒரு முனையை ஆர்கான் வெல்டிங்கில் அடைத்து, மறுமுனையை அரை அங்குல மரையுள்ள நிப்பிளில் பற்றவைத்துத் தரும்படி கேளுங்கள். திரவத்துக்குள் இருக்கும் நீளம் குழாயின் விட்டத்தைப் போல் பத்து மடங்காவது, அதாவது 8 செ.மீ. இருப்பது நல்லது; அதைவிடக் குட்டையாக இருந்தால், வெளிக்காற்றின் குளிர்ச்சி உலோகத்தின் வழியே உள்ளே கடத்தப்பட்டு அளவு குறைவாகத் தெரியும். டீ ஜாயின்ட்டில் பொருத்தும்போது குழாயின் குறுக்கே 8 செ.மீ. கிடைக்காது, எனவே டீயின் நேர்முனை வழியாக உறையை நுழைத்து, சாறு பக்கவாட்டு முனை வழியாகத் திரும்பிப் போகும்படி அமைத்தால், சாறு உறையின் நீளம் முழுவதையும் தழுவிக்கொண்டு ஓடும்.

சென்சாரைச் செருகும் முன் அதன் நுனியில் கணினிப் பிராசசருக்குத் தடவும் வெப்பப் பசையைச் சிறிது தடவுங்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பலால் விட்டுவிடுபவர்கள் பலர். உள்ளே காற்றிடைவெளி இருந்தால் சென்சார் சூட்டை உணர்வதில் கணிசமான தாமதம் ஏற்படும். பாத்திரத்தின் சுவரில் துளையிட வேண்டியிருந்தால் படிப்படியாக விட்டம் கூடும் ஸ்டெப் டிரில்லை மெதுவான வேகத்தில், எண்ணெய் விட்டு ஓட்டுங்கள். வேகமாக ஓட்டினால் எவர்சில்வர் அந்த இடத்தில் இறுகி, டிரில்லின் முனைதான் மழுங்கும். வாஷராகச் சாதாரண ரப்பரைப் போடாமல் சிலிக்கோன் வளையத்தைப் போடுங்கள்.

சாற்றை நொதிக்கவிடாமல் பானமாகவே அருந்துவதாக எழுதியிருக்கிறீர்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பதை 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதால், இந்தப் பகுதியும் மால்ட் சாற்றோடு நின்றுகொள்கிறது.

கேள்வி: என் அமைப்பில் மின்சாரம் வந்தவுடன் திரையில் 85 டிகிரி என்று தெரிகிறது. பிறகு சரியாகக் காட்டுகிறது. ஆனால் பம்ப் ஓடத் தொடங்கும்போது சில சமயம் மைனஸ் 127 என்று வருகிறது. சென்சார் போலியா? சென்சாரைப் படித்து ஹீட்டரை இயக்க, நிரல் எழுதக்கூடிய இ.எஸ்.பி.32 என்னும் சிறு மின்னணுப் பலகையைப் பயன்படுத்துகிறேன்.
– வாசகி, வேளச்சேரி

பதில்: இரண்டுமே வெப்பநிலைகள் அல்ல. 85 என்பது மின்சாரம் கிடைத்தவுடன் டி.எஸ்.18பி20 தன் நினைவகத்தில் வைத்திருக்கும் தொடக்க மதிப்பு. முழுத் துல்லியமான 12 பிட் அளவை எடுக்க அதற்கு 750 மில்லி வினாடி வரை தேவை. அதற்குள் நிரல் அவசரப்பட்டுப் படித்தால் 85 என்றே வரும். மைனஸ் 127 என்பது, சென்சாரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்பதைத் தெரிவிக்க, இத்தகைய பலகைகளுக்கு நிரல் எழுத உதவும் ஆர்டுயினோ நிரல்நூலகம் தரும் குறியெண்.

இங்கேதான் நீங்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மைனஸ் 127ஐ உண்மையான வெப்பநிலை என்று எடுத்துக்கொள்ளும் நிரல், பாத்திரம் பனிக்கட்டியைவிடக் குளிர்ந்து கிடப்பதாகக் கருதி ஹீட்டரை முழு வேகத்தில் எரியவிடும். கம்பி ஒன்று கழன்றதால் பாத்திரம் கொதித்து வழிவதற்கு இதுவே வழி. எனவே அளவு 0க்குக் கீழே அல்லது 110க்கு மேலே வந்தாலோ, தொடர்ந்து மூன்று முறை பதில் வராமல் போனாலோ, ஹீட்டரை அணைத்து மணியடிக்கும்படி நிரலில் எழுதிவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

பம்ப் ஓடும்போது மட்டும் தவறு வருவதால், சென்சாரைவிட இணைப்பின்மீதே எனக்குச் சந்தேகம். தரவுக் கம்பிக்கும் மின்வழங்கல் கம்பிக்கும் இடையே 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருந்தாக வேண்டும். பலகைக்குள்ளேயே இருக்கும் மின்தடை இதற்குப் போதாது. இ.எஸ்.பி.32 என்பதால் அதை 3.3 வோல்ட்டோடு இணைக்க வேண்டுமே தவிர 5 வோல்ட்டோடு அன்று. கேபிள் மூன்று நான்கு மீட்டர் நீண்டால் 2.2 கிலோ ஓம் போட்டுப் பாருங்கள். சென்சார் கேபிளையும் 230 வோல்ட் கேபிளையும் ஒரே பிளாஸ்டிக் குழாய்க்குள் இழுத்திருந்தால் அவற்றைப் பிரித்துவிடுங்கள். ஓரிடத்தில் ஒன்றையொன்று கடந்தே தீர வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். தரவுக் கம்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் இரண்டு கம்பி முறையைத் தவிர்த்து மூன்று கம்பிகளையும் இணையுங்கள்.

போலிகள் சந்தையில் ஏராளமாக உள்ளன என்பது உண்மைதான். அவற்றுள் பல, மூன்று கம்பி முறையில் ஓரளவு ஒழுங்காகவே வேலை செய்கின்றன. வாங்கியதை அடுத்த பதிலில் உள்ள சோதனைக்கு உட்படுத்துங்கள், தேறினால் வைத்துக்கொள்ளலாம். கம்பிகளின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சிவப்பு மின்வழங்கல், கறுப்பு கிரவுண்ட், மஞ்சள் தரவு என்பது வழக்கம். ஆனால் வேறு நிறங்களோடு வருபவையும் உண்டு. மாற்றி இணைத்தால் சென்சார் கை சுடும் அளவுக்குச் சூடாகும்.

கேள்வி: ஒரே கடையில் வாங்கிய மூன்று சென்சார்களும் ஒரே தண்ணீரில் மூன்று அளவுகளைக் காட்டுகின்றன. எதை நம்புவது?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: இப்போதைக்கு எதையும் நம்ப வேண்டாம். அரை டிகிரி மேலே ஒன்றும் அரை டிகிரி கீழே ஒன்றும் இருந்தால், ஒரு டிகிரி வித்தியாசம் கூட அனுமதிக்கப்பட்ட பிழைக்குள் அடங்கியதுதான். மூன்றையும் ஒரு ரப்பர் வளையத்தால் கட்டி ஒன்றாகச் சோதியுங்கள்.

முதல் சோதனை பனிக்கட்டியில். ஐஸ்கட்டி நான்கைத் தண்ணீரில் மிதக்கவிட்டு அளக்கிறவர்கள் உண்டு, அது பயனற்றது. 4 டிகிரியில்தான் நீரின் அடர்த்தி மிகுதி என்பதால், டம்ளரின் அடியில் 4 டிகிரி நீர் தங்கி, சென்சாரும் அதையே சொல்லும். ஐஸைத் துணியில் கட்டி நன்றாகத் தூளாக்கி, ஒரு பிளாஸ்கில் விளிம்புவரை அடைத்து, இடைவெளிகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். ஐஸ் மிதக்கத் தொடங்கினால் தண்ணீர் அதிகம் என்று பொருள், கொஞ்சம் வடித்துவிடலாம். சென்சார்களை நடுவில் செருகி, பத்து நிமிடம் அவ்வப்போது கிளறிவிட்டு, அளவு அசையாமல் நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் 0லிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுதான் அந்தச் சென்சாரின் பிழை.

இரண்டாவது சோதனை கொதிநீரில். இதில் சென்னைவாசிகளுக்கு ஒரு வசதி உண்டு. கடல் மட்டத்தை ஒட்டி வாழ்வதால் நம் வீட்டு நீர் 100 டிகிரியிலேயே கொதிக்கிறது. கொடைக்கானலில் இருக்கும் உறவினர் இதே சோதனையைச் செய்தால் 93 டிகிரி அளவில்தான் கொதிக்கும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நிற்கும் நவம்பர் நாட்களில் நமக்கும் கொதிநிலை சிறிது இறங்கும். ஆனால் அது பெரும்பாலும் அரை டிகிரிக்குள் அடங்கிவிடுவதால் பொருட்படுத்த வேண்டியதில்லை. சென்சாரின் நுனி பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. கொதிநிலை, தயாரிப்பாளர் அரை டிகிரித் துல்லியத்துக்கு உறுதி தரும் எல்லைக்கு வெளியே இருக்கிறது. எனவே பனிக்கட்டி அளவை முதன்மையாகவும் கொதிநிலை அளவைச் சரிபார்ப்பாகவும் கொள்ளுங்கள். பாரிமுனைப் பக்கத்துப் பரிசோதனைக்கூடப் பொருள் கடையில் ஒரு நல்ல கண்ணாடி வெப்பமானி வாங்கிவந்து, 65 டிகிரி வெந்நீரில் மூன்றையும் அதனோடு ஒப்பிட்டால், உங்களுக்கு உண்மையில் வேண்டிய இடத்திலேயே பிழை தெரிந்துவிடும். அதை நிரலில் கூட்டவோ கழிக்கவோ செய்துவிட்டு, ஒவ்வொரு கேபிளிலும் ஒரு சீட்டு ஒட்டி எண்ணிடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை கழற்றி மாட்டும்போது எந்தத் திருத்தம் எந்தச் சென்சாருக்கு என்பதே மறந்துபோகும்.

கேள்வி: 66 டிகிரி என்று வைத்தால் 71 வரை ஏறிவிட்டுத்தான் இறங்குகிறது. 20 லிட்டர், 2,000 வாட் ஹீட்டர். உறைக்குழாய்க்குள் வைத்ததால் சென்சார் மந்தமாகிவிட்டதா? இலக்குச் சூட்டை நெருங்க நெருங்க ஹீட்டரின் சக்தியைத் தானே குறைக்கும் பி.ஐ.டி. முறைக்கு மாறினால் சரியாகுமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 லிட்டர் நீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 84 கிலோ ஜூல் வேண்டும். 2,000 வாட் ஹீட்டர் வினாடிக்கு 2 கிலோ ஜூல் தருவதால், ஒரு டிகிரி ஏற 42 வினாடி ஆகும். உறைக்குழாயால் சென்சார் 20 வினாடி பிந்தினாலும், அதனால் வரக்கூடிய மிகை அரை டிகிரிதான். 5 டிகிரி மிகைக்கு உறையைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆக, சாறு கலங்கவில்லை என்பதே நோய். சென்சாரைச் சுற்றியுள்ள நீர் தேங்கி நிற்கிறது. காயில் அருகே சூடு ஏறிக்கொண்டே போய், ஹீட்டர் அணைந்த பிறகு அந்தச் சூடு மெல்லப் பரவி, சென்சார் 71 என்கிறது. பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறதா, துளைத்தட்டு தானியத் தூளால் அடைபட்டிருக்கிறதா, சென்சார் ஓட்டத்தின் பாதையில் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் பி.ஐ.டி.க்கு மாறினால், அது தவறான அளவைத் துல்லியமாகப் பின்பற்றும், அவ்வளவே. சரிசெய்த பிறகு அது நிச்சயம் பயன்படும்.

ஹீட்டரை எஸ்.எஸ்.ஆர். (அசையும் பாகமில்லாத மின்னணு ரிலே) வழியாக இயக்குவதாக இருந்தால் ஒரு வார்த்தை. 2,000 வாட் என்பது 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர், அந்த மின்னோட்டத்தில் எஸ்.எஸ்.ஆர். 10 வாட் அளவுக்குச் சூட்டை உமிழும் என்பதால் சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்கில் பொருத்தியே ஆக வேண்டும், சென்னையின் மே மாதத்தில் மூடிய பெட்டிக்குள் வைத்தால் ஒரு சிறு விசிறியும் வேண்டும். எஸ்.எஸ்.ஆர். பழுதாகும்போது பெரும்பாலும் இணைந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். அதாவது நிரல் அணைக்கச் சொன்னாலும் ஹீட்டர் எரியும். ஆகவே அதற்கு முன்னால் தொடராக ஒரு கான்டாக்டரும் (பெரிய மின்னோட்டத்தைத் துண்டிக்கும் மின்காந்தச் சுவிட்ச்), கைக்கெட்டும் இடத்தில் அதை விடுவிக்கும் சுவிட்சும் இருக்கட்டும். மின்னோட்டம் மிகும்போது துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி., மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., பாத்திரத்தின் உடலுக்கு எர்த் இணைப்பு, 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி ஆகியவை இல்லாத அமைப்பில் ஈரக்கையோடு வேலை செய்யாதீர்கள். இந்தப் பகுதியை மட்டும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: நிரல் எழுதத் தெரியாது. கடையில் கிடைக்கும் எஸ்.டி.சி.1000 என்னும் ஆயத்த வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி போதுமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: ஊறவைக்கும் கட்டத்துக்குப் போதும். அதனோடு வரும் என்.டி.சி. சென்சார் (சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை) ஒரு டிகிரி வரை பிழையுள்ளது. பனிக்கட்டிச் சோதனை செய்து, கருவியிலேயே உள்ள திருத்த அமைப்பில் சரிசெய்துகொள்ளலாம். அதன் திரை 99 டிகிரியோடு நின்றுவிடுவதால் கொதிக்கவைக்கும் கட்டத்தில் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். உள்ளே உள்ள ரிலே 10 ஆம்பியருக்கானது என்று எழுதியிருந்தாலும், 8.7 ஆம்பியர் ஹீட்டரை நேரடியாக அதில் மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரிலே கான்டாக்டரை இயக்கட்டும், கான்டாக்டர் ஹீட்டரை இயக்கட்டும். சென்சாருக்கு உறைக்குழாய் இங்கும் தேவை.

கேள்வி: வீட்டில் கொம்புச்சா (இனிப்புத் தேநீரை நொதிக்கவைத்த புளிப்புப் பானம்) போடுகிறேன். கண்ணாடி ஜாடிக்குள் சென்சாரைவிட மனமில்லை. வெளியே ஒட்டினால் சரியாகக் காட்டுமா?
– வாசகி, போரூர்

பதில்: காட்டும். ஜாடியின் நடு உயரத்தில் சென்சாரைக் கிடையாக வைத்து, அதன்மேல் விரல் தடிமன் பஞ்சுத்தாளை (ஃபோம்) மூடி, டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். பஞ்சுத்தாள் இல்லையென்றால் சென்சார் பாதி ஜாடியையும் பாதி அறைக்காற்றையும் அளக்கும். கொம்புச்சா மெதுவாக நொதிப்பதால் உள்ளிருந்து பெரிய சூடு கிளம்புவதில்லை. வெளியே காட்டும் அளவுக்கும் உள்ளே இருப்பதற்கும் அதிக வித்தியாசம் இராது. புளிப்பான திரவத்துக்குள் மலிவான சென்சாரை இறக்காமல் இருப்பதே சரி.

24 முதல் 29 டிகிரி வரை அதற்கு உகந்தது. போரூரில் கோடையில் அறையே 33, 34 டிகிரிக்குப் போகும். அப்போது விரைவாகப் புளித்துவிடும் என்பதால் வழக்கத்தைவிட முன்னதாகவே சுவைத்துப் பாருங்கள். ஜாடியை அகலமான மண்தட்டில் சிறிது தண்ணீருக்குள் நிறுத்தி, ஈரத்துணியைச் சுற்றி, மின்விசிறிக் காற்று படும்படி வைத்தால் சில டிகிரி இறங்கும். கடற்காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாட்களில் இந்த உத்தி அவ்வளவாகப் பலிக்காது. ஈரத்துணி சுற்றும்போது சென்சாரை அதற்கு அடியில் விடாமல், ஜாடியின் காய்ந்த மேல்பாதிக்கு, ஆனால் திரவ மட்டத்துக்குக் கீழேயே, மாற்றி ஒட்டிக்கொள்ளுங்கள்.